வெட்ஸ்லரும் லைக்காவும்

ஜெர்மனிக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் பிராங்க்பர்ட் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, ரைன் நதியையும் கொலோன் தேவாலயத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். பிராங்க்பர்ட்டிலிருந்து வடக்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம் பிரயாணம் செய்தால், லான் என்னும் ஆற்றின் கரையில் வெட்ஸ்லர் என்றோர் ஊர் வருகிறது. சுமார் 50,000 மக்கள் வாழும் சிறு நகரம். வானளாவும் மாளிகைகள் அங்கு இல்லை. ஆயினும் கையடக்கமான காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவிலே நடந்தவாறே படம் பிடிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தது அவ்வூரே. லைக்கா காமிரா அவ்வூரின் குழந்தை.

அக்குழந்தை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இடையில் எவ்வாறு நோயுற்றது, இன்று எவ்வாறு சீமான் வீட்டுப் பிள்ளையாக உலவுகிறது என்பதையெல்லாம் அவ்வூரைச் சுற்றி வந்தாலே அறிந்துகொள்ளலாம். நாம் கண்டதையும் அறிந்ததையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பழைய நகரம்

ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் செல்ல வேண்டும். ஆற்றின் குறுக்கே நூற்றாண்டுகள் பல கண்ட கற்பாலம் ஒன்று இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன்மேல் நின்று நோக்கினால், மேட்டின்மீது பெரிய தேவாலயம் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்துப் புதிய கோயில் எழுப்பத் தொடங்கினர், பணி முற்றுப்பெறவில்லை. ஆகவே பழைய கோயிலின் முகப்பும் புதிய கோயிலின் முடிவுறாத முகப்பும் ஒன்றன்முன் ஒன்றாக இன்றுவரை நிற்கின்றன. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டினரும் அந்த ஒரே கோயிலைப் பகிர்ந்துகொண்டு வழிபட்டு வருகின்றனர்.

ஜெர்மானியப் பேரரசின் உயர்நீதிமன்றம் 1690 முதல் 1806 வரையில் இவ்வூரில் இருந்தது. சட்டப் பயிற்சிக்காக 1772இல் இங்கு வந்த இளைஞர் கதே, சார்லட் பூஃப் என்னும் நங்கையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவளோ வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். அந்த ஏக்கமே இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘வெர்தர்’ என்னும் நவீனமாக வெளிவந்து, ஐரோப்பாவையே கண்ணீர் சிந்த வைத்தது. சார்லட் வாழ்ந்த இல்லத்தை இப்போது காட்சிசாலையாக வைத்திருக்கின்றனர்.

நீதிமன்றம் போனபின் ஊர் ஒளி குன்றிற்று. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது கண்ணாடி. கார்ல் கெல்னர் என்பவர் 1849இல் இங்கே ஒரு கண்ணாடி லென்ஸ் பட்டறையைத் தொடங்கினார். அதனை 1869இல் எர்னஸ்ட் லைட்ஸ் என்பவர் ஏற்று நடத்தலானார். அவருடைய மைக்ராஸ்கோப்புகள் உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் சென்றன.

ஆஸ்துமா நோயாளியின் காமிரா

பழைய நகரின் நடுவே இரும்புச் சந்தை எனப் பொருள்படும் ‘ஐசன்மார்க்ட்’ என்ற சிறு சதுக்கம் உள்ளது. சுற்றிலும் மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகள். அங்கே ஓரிடத்தில், ஆஸ்கர் பர்னாக் என்பவர் நின்று படம் பிடித்த இடம் இதுவெனக் குறித்திருக்கின்றனர். அவ்விடத்தில் நின்று பார்த்தால், அவர் 1914ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த படத்தில் உள்ள அதே வீட்டை நாமும் காணலாம்.

பர்னாக் 1911இல் லைட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த இயந்திர நிபுணர். புகைப்படம் எடுப்பதில் பேரார்வம் கொண்டவர். ஆனால் ஆஸ்துமா நோயால் அவதியுற்றவர். அக்காலத்துக் காமிராவோ பெரும் பெட்டி. அத்துடன் கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமந்துகொண்டு குன்றேறுதல் அவருக்கு இயலாத காரியமாக இருந்தது. சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமை ஒரு சிறு பெட்டிக்குள் கிடையாக ஓடவிட்டு, சினிமாப் படக்கட்டத்தைப் போல் இரு மடங்கான 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் எடுத்து, பின்னர் அதனைப் பெரிதாக்கினால் என்ன என்று அவர் சிந்தித்தார். சிறிய மூலப்படம், பெரிய அச்சுப்படம் என்பதே அவருடைய தத்துவம். 1914இல் அவர் செய்த முதற் காமிரா சட்டைப் பையில் அடங்கியது. 1920இல் லான் ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தபோது, வெள்ளத்தில் மிதந்த தெருக்களை அவர் அக்காமிராவால் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன.

இதனை விற்பனைக்குக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியில் பணவீக்கம் மக்களை வாட்டிய காலம். 1923இல் சோதனைக்காகச் சுமார் இருபத்தைந்து காமிராக்கள் செய்து பலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டனர், எல்லோரும் பாராட்டிவிடவில்லை. 1924இல் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் ஐயப்பட்டவர்கள் பலர். அனைத்தையும் கேட்ட நிறுவன அதிபர் இரண்டாம் எர்னஸ்ட் லைட்ஸ், துணிந்து செய்வதென்று முடிவு கூறினார். தொழிலாளருக்கு வேலை இல்லாமற் போகக் கூடாது என்பதும் அவருடைய எண்ணம். 1925இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா அறிமுகமாயிற்று. லைட்ஸ், காமிரா என்ற இரு சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டியதே அப்பெயர்.

அக்குடும்பத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் துன்புறுத்தப்பட்டபோது, லைட்ஸ் தம்மிடம் பணிபுரிந்த யூதர்களையும் பிறரையும் நியூயார்க் கிளைக்கு அனுப்புவதாகச் சொல்லி நாட்டை விட்டுத் தப்பவைத்தார். அவருடைய மகள் எல்ஸி, யூதப் பெண்மணி ஒருவர் தப்பியோட உதவியதற்காக 1943இல் சிறைப்பட்டார். போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையிலும் அயல்நாட்டாரைக் கட்டாய வேலை வாங்கினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. நன்மையும் தீமையும் கலந்ததே அக்கால ஜெர்மனியின் வரலாறு.

நம் நாட்டுத் தொடர்பு

பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் ஒரு லைக்காவை வாங்கினார். அது முதல் அது அவருடைய கண்ணாகவே ஆயிற்று. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அவர் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவர் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்துக்கெல்லாம் மகாத்மா சுடப்பட்டார். பிர்லா மாளிகை வாயிலில் நேருஜி துயரச் செய்தியை மக்களுக்கு அறிவித்த காட்சியும், இறுதி ஊர்வலத்துக் கூட்டமும் அவருடைய படங்களில் நிலைபெற்றன. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். பெரிய பெட்டியும் பளிச்சென்ற விளக்கும் இல்லாமல், ஓசையின்றி எடுக்கும் சிறு காமிரா இருந்தமையால்தான் இவையெல்லாம் கைகூடின.

இவ்வாறு லைக்கா, நடந்து திரியும் மனிதனின் கருவியாகவே உலகில் பெயர் பெற்றது. அது எந்நாளும் மலிவாக விற்றதில்லை. ஆயினும் கொடுத்த விலைக்கு ஒருவன் பெற்றது, ஆயுள் முழுதும் உழைக்கும் ஒரு கருவி. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் சொல்லப்போகும் விலைக் கதைக்கு இதுவே அளவுகோல்.

உச்சியும் சரிவும்

1954இல் வெளிவந்த எம்3 என்னும் காமிராவே லைக்காவின் உச்சி எனலாம். அதன் ஒரே சாளரத்தில் காட்சியும் தெரியும், தூரமானியும் தெரியும். தூரமானி என்பது இரு கண்கள் போன்ற அமைப்பு. காட்சியின் நடுவே ஓர் உருவம் இரண்டாகத் தோன்றும். லென்ஸைத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான கணத்தில் படம் தெளிவாக விழும். இந்நுட்பத்தைக் கையால் பொருத்திச் சரிபார்க்கத் தேர்ந்த தொழிலாளர் வேண்டும். எம்3 காமிராக்கள் 2,20,000க்கு மேல் விற்றன.

உச்சியில் நிற்பவனுக்குக் கீழிருந்து ஏறி வருபவன் தெரிவதில்லை. 1950இல் கொரியப் போருக்குச் சென்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் ஜப்பானிய லென்ஸ்களின் சிறப்பைக் கண்டு வியந்து, அவற்றைத் தங்கள் லைக்காவிலேயே பொருத்திக்கொண்டனர். 1959இல் நிக்கான் எஃப் வந்தது. லென்ஸ் காணும் காட்சியையே உள்ளிருக்கும் ஆடி வழியாகக் கண்ணுக்குக் காட்டும் காமிரா அது. தொலைவில் உள்ளதைக் கிட்டக் காட்டும் நீண்ட லென்ஸ்களுக்கும், பிலிமைத் தானே நகர்த்தும் மோட்டாருக்கும் அது இடந்தந்தது. லைட்ஸ் நிறுவனத்தார் அவ்வகைக் காமிராவைக் கடைக்குக் கொண்டுவரச் சுமார் ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் செய்தித்தாள்காரர்கள் ஜப்பான் பக்கம் சென்றுவிட்டனர்.

1971இல் வந்த எம்5 உருவில் பெரிதாக இருந்ததால் பழைய அன்பர்களுக்குப் பிடிக்கவில்லை. 1970களின் நடுவில் எம் காமிராவையே கைவிடும் நிலை வந்தது. கானடாவில் மிட்லண்ட் என்னும் ஊரில் இருந்த கிளைத் தொழிற்சாலை அதனை ஏற்றுச் செய்ய முன்வந்தமையால் உயிர் தங்கிற்று. தானே குவியத்தைக் கண்டுகொள்ளும் முன்மாதிரிக் காமிராவை லைட்ஸ் 1976லேயே கொலோன் கண்காட்சியில் காட்டியது. ஆனால் 1985இல் அவ்வகைக் காமிராவை விற்று வெற்றி கண்டது ஜப்பானிய மினோல்டா. அறிவு இருந்தது, கைத்திறன் இருந்தது. இன்னது செய்வோம் என்று முடிவு செய்வார்தாம் இல்லை. 1924இல் துணிந்து செய்த வீட்டிலேயே அத்துணிவு அற்றுப்போயிற்று.

குடும்பத்தின் பிடியும் தளர்ந்தது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வில்ட் நிறுவனம் பங்குகளை வாங்கிற்று. 1980களின் நடுவில் இரண்டும் இணைந்தன. மைக்ராஸ்கோப் பிரிவு வேறாயிற்று, காமிராப் பிரிவு வேறாயிற்று. 1988இல் லைக்கா காமிரா வெட்ஸ்லரை விட்டு, சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஸோல்ம்ஸ் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. லைட்ஸ் நிறுவனத்தின் உயர்ந்த பழைய கட்டடம் நகராட்சி அலுவலகமாயிற்று. இன்றும் வெட்ஸ்லர் மக்கள் வரி கட்டவும் சான்றிதழ் பெறவும் அங்கேதான் செல்கின்றனர். தெருவுக்கு எர்னஸ்ட் லைட்ஸ் என்பதே பெயர்.

தலைவர்கள் மாறிய காலம்

1996இல் லைக்கா காமிரா நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. 2000ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து எர்மேஸ் நிறுவனம் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை வாங்கியது. தோல் பைகளும் பட்டுத் துணிகளும் விற்கும் ஆடம்பர நிறுவனம் ஒன்று காமிராத் தொழிலுக்கு வந்தபோதே, வரப்போகும் திசை ஓரளவு தெரிந்தது.

ஆனால் அப்போது வந்தது ஆடம்பரம் அன்று, ஆபத்து. பிலிம் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்தது. அது நெடுநாள் நில்லாது என்ற எண்ணம் நிறுவனத் தலைமையிலேயே நிலவிற்று. 2005இல் வங்கிகள் கடன் வரம்பைக் குறைத்தன. மூலதனத்தில் பாதி கரைந்துவிட்டதாக நிர்வாகம் பங்குதாரர்களிடம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

காப்பாற்ற முன்வந்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கௌப்மன். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். காகிதத் தொழிற்குடும்பத்தின் சொத்துக்கு வாரிசு. 2004இல் பங்கு வாங்கத் தொடங்கி, 2006இல் எர்மேஸ் பங்குகளையும் தம் நிறுவனத்தின் மூலம் வாங்கினார். அவ்வாண்டே எம்8 என்னும் முதல் டிஜிட்டல் எம் காமிரா வெளிவந்தது. வந்த உடனேயே ஒரு குறை வெளிப்பட்டது: செயற்கை இழையால் நெய்த சில கறுப்புத் துணிகள் படத்தில் ஊதா நிறமாகத் தெரிந்தன. காமிரா வாங்கிய ஒவ்வொருவருக்கும் இரண்டு வடிகட்டிக் கண்ணாடிகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அமெரிக்காவில் 4,795 டாலர் விலையுள்ள கருவிக்கு இந்தப் பரிகாரம்!

அமெரிக்கரான ஸ்டீவன் லீ அப்போது தலைவராக இருந்தார். ஒருமுறை வாங்கிய எம்8 காமிராவைக் கட்டணம் செலுத்தி அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்ற திட்டத்தை 2008 தொடக்கத்தில் நிறுவனம் அறிவித்தது. பிப்ரவரியில் லீ பதவியிலிருந்து உடனடியாக நீக்கப்பட்டார். 2009இல் எம்9 தனிக் காமிராவாகவே வந்தது. பழையதை அதுவாக மாற்ற வழியில்லை. அதே ஆண்டில் ஆர் வரிசைக் காமிராக்களின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அவற்றுக்கென விலையுயர்ந்த லென்ஸ்களைச் சேர்த்தவர்கள், பொருத்துவதற்குப் புதிய காமிரா இல்லாமல் விழித்தனர். அதன் பின்னும் தலைவர்கள் மாறினர். 2015இல் வந்த ஆலிவர் கால்ட்னர் 2017இல் விலகினார். 2011இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் நூற்றுக்கு 44 பங்கை வாங்கியிருந்தது.

ஊர் திரும்புதல்

26 ஆண்டுகள் வெளியூரில் வாழ்ந்தபின், 2014இல் லைக்கா வெட்ஸ்லருக்குத் திரும்பி வந்தது. ஊரின் ஓரத்தில் மேட்டுநிலத்தில் அமைந்த அவ்வளாகத்துக்கு லைட்ஸ் பார்க் என்று பெயர். வட்டமான கட்டடம் லென்ஸையும் நீண்ட வளைவுகள் பிலிம் சுருளையும் நினைவூட்டும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, என்றேனும் திரும்புவோம் என்ற நினைப்பிலேயே நாட்களைக் கழிக்கும் நமக்கு, ஒரு தொழிற்சாலை தன் ஊருக்குத் திரும்பிய செய்தி மனத்தைத் தொடாமற் போகாது.

உள்ளே சென்றால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேலை நடப்பதைக் காணலாம். லென்ஸின் ஓரங்களில் ஒளி சிதறாமலிருக்கக் கறுப்பு மை பூசுகின்றனர். இயந்திரம் அன்று, மனிதர் கையும் தூரிகையுமே அதைச் செய்கின்றன. சுழலும் கண்ணாடியின் விளிம்பில் தூரிகை நுனியை மெல்ல வைத்து எடுக்கும் அந்த நிதானத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. முற்பகுதி வேலைகள் பல போர்ச்சுகல் தேசத்தில் பமலிக்காவோ என்னும் ஊரிலுள்ள அவர்களுடைய தொழிற்சாலையில் நடக்கின்றன. 1973 முதல் அங்கே அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. ஜெர்மானியக் கைத்திறன் என்று புகழப்படுவதில் போர்ச்சுகல் பெண்களும் ஆண்களும் கொடுத்த உழைப்பும் அடங்கும்.

வளாகத்தில் காட்சிசாலை உண்டு, விற்பனைக் கடை உண்டு, காப்பி விடுதி உண்டு, 2018இல் திறந்த தங்கும் விடுதி உண்டு. கைக்கடிகாரமும் செய்கின்றனர். தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர் பொருள் வாங்குபவராக வெளியே செல்ல ஏற்ற ஏற்பாடு.

விலையின் கதை

இனி விலைக்கு வருவோம். 2009இல் எம்9 வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 6,995 டாலர். 2022 ஜனவரியில் எம்11 வந்தபோது 8,995 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது காமிராப் பெட்டிக்கு மட்டும். லென்ஸுக்குத் தனி விலை.

இவ்விலையில் நியாயம் உண்டா என்று கேட்பவருக்கு, உண்டு என்றும் இல்லை என்றும் இரண்டு விடைகள் சொல்லலாம். தூரமானியைப் பொருத்தும் கைகளுக்கும் லென்ஸ் ஓரத்தில் மை பூசும் கைகளுக்கும் ஐரோப்பிய ஊதியம் கொடுக்க வேண்டும். விற்பனை எண்ணிக்கையோ ஜப்பானியப் பெரு நிறுவனங்களின் எண்ணிக்கைக்கு அருகிலும் வராது. ஆகவே விலை உயர்ந்தே தீரும். 1954இல் செய்த லென்ஸை இன்றைய எம் காமிராவில் அப்படியே பொருத்திப் படம் எடுக்கலாம். பாட்டன் வாங்கிய லென்ஸ் பேரனுக்குப் பயன்படுகிறது. இதற்கு அதிக விலை கேட்டால் அது நேர்மையான விலை.

ஆனால் வேறு வகை விலைகளும் உள. ஜப்பானிய பானசோனிக் நிறுவனத்தின் சிறு காமிராவையே சிறிது உருமாற்றி, சிவப்பு வட்ட முத்திரை இட்டு, கூடுதல் விலைக்கு லைக்கா விற்றுவந்தது. 2015இல் பாடகர் லென்னி கிராவிட்ஸ் பெயரால் ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. 125 மட்டுமே செய்யப்பட்ட அப்புத்தம்புதிய காமிராவின் கறுப்புப் பூச்சைக் கையாலேயே சுரண்டி, பித்தளை தெரியும்படி, பல்லாண்டு உழைத்ததைப் போலத் தோற்றுவித்திருந்தனர். போர்க்களத்திலும் தெருவிலும் அலைந்து திரிந்தவனின் காமிராவில் காலம் இட்ட தழும்பை, அலையாதவனுக்கு விலைக்குக் கொடுப்பது எத்தகைய வாணிகம்? 2013இல் நியூயார்க்கில் தர்ம காரியத்துக்காக ஒரே ஒரு காமிராவைச் செய்து ஏலம் விட்டபோது அது 18 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2022 ஜூனில் வெட்ஸ்லரிலேயே நடந்த ஏலத்தில், 1923ஆம் ஆண்டுச் சோதனை வரிசையைச் சேர்ந்த, பர்னாக் தாமே பயன்படுத்திய 105ஆம் எண் காமிரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. நம் பணத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். சுமை தாங்காத ஒருவர் தம் மூச்சுக்கு இதமாகச் செய்துகொண்ட எளிய கருவி அது.

இவ்வழியில் நிறுவனம் பிழைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் வங்கிகள் கைவிட்ட நிறுவனம், 2024-25ஆம் நிதியாண்டில் 59 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு விற்பனை செய்தது. கைபேசி நிறுவனங்களுக்குத் தன் பெயரைத் தந்தும் அது வருவாய் ஈட்டுகிறது. ஆடம்பர விலை இல்லையேல் வெட்ஸ்லரில் அக்கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் விளக்கு எரியாது. தூரிகை பிடிக்கும் கைகளுக்கும் வேலை இராது. எளியவனுக்கு எட்டாத விலைதான் எளிய தொழிலாளியின் அடுப்பை எரிய வைக்கிறது. இந்த முரண்பாட்டை எளிதில் தீர்க்க முடியாது.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. எம்9 காமிராக்களில் பிலிமுக்குப் பதிலாக ஒளியை ஏற்கும் சில்லின் மூடுகண்ணாடி அரித்துப்போகத் தொடங்கியது. 2014இல் நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றித் தந்தது. அது பெருந்தன்மையே. 2017இல் அச்சலுகைக்கு வரம்பு விதித்தது. 2020இல் மாற்றுச் சில்லுகள் தீர்ந்துவிட்டன. இனிப் பழுது பார்க்க இயலாது, புதியதை வாங்கினால் பழையதற்கு விலை கழித்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டது. 1954இல் வாங்கிய எம்3 இன்றும் ஓடுகிறது. எண்ணெய் இட்டு, தூசு துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றத் தெரிந்தவர் இன்றும் இருக்கின்றனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அதனினும் விலை கூடுதலாக விற்ற காமிராவோ, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு சிறு சில்லுக்கு வழியின்றிக் கண்ணாடிப் பேழையில் வைக்கும் பொருளாகிவிட்டது.

லைக்காவின் உயர்ந்த விலையை உலகம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அது ஆயுள் முழுதும் வரும் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஈட்டியவர்கள் பர்னாக்கும், லைட்ஸ் பரம்பரையும், பெயர் தெரியாத பல தொழிலாளரும். அவர்கள் சேர்த்த வரவிலிருந்துதான் இன்றைய நிர்வாகம் செலவு செய்கிறது. தலைவர்கள் வருவதும் போவதும் எந்தத் தொழிலிலும் உள்ளதே. விலை ஏறுவதும் உள்ளதே. வாங்கியவன் முப்பது ஆண்டு கழித்துப் பழுதான கருவியுடன் வாயிலில் வந்து நின்றால், அவனை உள்ளே அழைத்துச் சரிசெய்து அனுப்ப முடியுமா என்பதே அந்நிறுவனத்துக்கு உள்ள உண்மையான பரீட்சை.

வெட்ஸ்லர் செல்லும் அன்பர்கள் லைட்ஸ் பார்க்கைப் பார்க்க ஒரு பகல் போதும். பழைய நகரையும் சார்லட் இல்லத்தையும் பார்க்க மற்றொரு பகலை ஒதுக்குவது நலம். தெருக்கள் மேடு பள்ளமானவை. முதியோர் மெதுவாக ஏற வேண்டும். பர்னாக் நின்ற சதுக்கத்தில் எவரிடத்தும் எக்காமிராவால் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், கட்டணம் இல்லை.

செல்ல இயலாதவர்களுக்கும் ஒரு சொல். நம்மில் பலர் வீட்டுப் பரணில், தந்தையோ மாமனோ முதன்முதலில் வெளியூர் வந்தபோது வாங்கிய பிலிம் காமிரா ஒன்று தோலுறையுடன் கிடக்கலாம். அது லைக்காவாக இருக்க வேண்டியதில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், கீழே இறக்கித் துடைத்து, ஊரில் பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் எவரேனும் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். 35 மில்லிமீட்டர் பிலிம் இன்னும் விற்கிறது. ஒரு சுருளை வாங்கி நிரப்பி, வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.